போயிங்கில் தொடங்கி சைக்கிள் கேரியரில் முடியும் பயணம்

மலாவியின் உள்நாட்டுக் கிராமம் ஒன்றில் ஈராண்டு தொண்டு செய்ய அமெரிக்காவிலிருந்து கிளம்புகிறவர் ஏறும் முதல் விமானத்தில் முந்நூறு பேர் வரை உட்காரலாம். ஊருக்குள் கொண்டுபோய்விடும் கடைசி வாகனத்தில், ஓட்டுபவரைத் தவிர ஒருவருக்குத்தான் இடம். அது சைக்கிளின் பின் கேரியர். மொத்தத் தூரம் ஏறக்குறைய 14,000 கிலோமீட்டர். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு ஆகாயத்திலேயே கழிந்துவிடுகிறது. ஆனால் அலைச்சல் முழுக்க அந்த மிச்ச ஒரு பங்கில்தான் இருக்கிறது. ஆப்பிரிக்கக் கிராமங்களுக்குத் தொண்டுக்குப் போகிறவர்களின் பயணம் பெரும்பாலும் இப்படித்தான் அமையும். வாகனம் சிறுக்கச் சிறுக்க நேரம் பெருகும்.

இப்படிக் கூட்டங்கூட்டமாகப் போகும் வழக்கத்துக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. 1958இல் பிரிட்டனில் அலெக் டிக்சன், மோரா டிக்சன் தம்பதியர் தொடங்கிய வி.எஸ்.ஓ. முதலில் அனுப்பியது பள்ளிப் படிப்பை முடித்த பதினெட்டு வயதுப் பையன்களை. 1961 மார்ச் 1 அன்று அமெரிக்க அதிபர் கென்னடி ஓர் ஆணையில் கையெழுத்திட்டு ‘பீஸ் கோர்’ அமைப்பை உண்டாக்கினார். (அமைதிப்படை என்று மொழிபெயர்த்தால் தமிழ் வாசகருக்கு வேறொரு படையின் நினைவு வரும். பீஸ் கோர் என்றே வைத்துக்கொள்வது நல்லது.) அதே ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று அதன் முதல் குழுவினர் 51 பேர் கானாவின் தலைநகர் அக்ராவில் வந்திறங்கினர். அத்தனை பேரும் ஆசிரியர்கள். விமானத்தை விட்டு இறங்கிய கையோடு, வரவேற்க வந்த அமைச்சர்களுக்கு முன்னால் உள்ளூர் ட்வி மொழியில் ஒரு பாட்டைப் பாடிக் காட்டினார்கள். வந்த இடத்தின் மொழியில் முதல் வாய் திறப்பது என்ற வழக்கம் அன்றிலிருந்து இன்றுவரை விடுபடவில்லை.

இந்தியாவுக்கும் அந்த அமைப்பினர் 1961 முதல் 1976 வரை வந்தார்கள். பின்னாளில் அதிபரான ஜிம்மி கார்ட்டரின் தாயார் லில்லியன், 68 வயதில் பம்பாய் விக்ரோலிக்கு வந்து மருத்துவ உதவியாளராக வேலை செய்தார். அன்று நியாசாலாந்து என்ற பெயரில் பிரிட்டனின் கையில் இருந்த மலாவிக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தது 1963இல். நாடு விடுதலை பெற்றது அடுத்த ஆண்டுதான்.

பயணம் உண்மையில் விமான நிலையத்தில் தொடங்குவதில்லை, ஊசி போடும் அறையில் தொடங்குகிறது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டதற்கான மஞ்சள் நிற அட்டை, ஆப்பிரிக்காவில் பல எல்லைகளில் கடவுச்சீட்டுக்குச் சமம். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அட்டை செல்லும். முன்பு பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2016 ஜூலை 11 முதல் ஒருமுறை போட்டாலே ஆயுளுக்கும் போதும் என்று விதி மாறியது. இதில் ஒரு பொறி உண்டு. மலாவியில் மஞ்சள் காய்ச்சல் கிடையாது. ஆனால் வழியில் விமானம் மாறும் எத்தியோப்பியா அந்தக் காய்ச்சல் உள்ள நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. அங்கே அரை நாளுக்கு மேல் காத்திருந்துவிட்டு வருகிறவரிடம் மலாவி அதிகாரி அட்டையைக் கேட்பார். இந்தியாவின் விதி இன்னும் கடுமை. காய்ச்சல் உள்ள நாட்டில் இருந்துவிட்டு அட்டையில்லாமல் வந்து இறங்குகிறவரை ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிட முடியும். சென்னையிலிருந்து ஆப்பிரிக்கா போகிறவர்கள் கிண்டி கிங் நிலையத்து வரிசையில் நிற்பது இதற்காகத்தான்.

மலேரியாவுக்குப் பயணிகள் நம்பியிருப்பது மாத்திரையைத்தான். 2019இல் உலகிலேயே முதலாவதாக மலேரியாத் தடுப்பூசியை வழக்கமான தடுப்பூசிகளோடு சேர்த்துப் போடத் தொடங்கிய நாடு மலாவிதான் என்றாலும், அது அந்த மண்ணின் குழந்தைகளுக்கானது. வெளியூர்க்காரருக்கு மூன்று மாத்திரைகளில் ஒன்று. தினம் ஒன்று விழுங்கும் டாக்சிசைக்ளின் விலை மலிவு, ஆனால் வெயிலில் தோல் எளிதில் கன்றிப்போகும். வாரம் ஒன்று விழுங்கும் மெஃப்ளோகுயின் சிலருக்கு விபரீதக் கனவுகளைக் கொண்டுவரும். மலரோன் என்ற பெயரில் விற்கும் மூன்றாவது மாத்திரைக்குத் தொந்தரவு குறைவு, விலை அதிகம். ஈராண்டுக்கு எதை விழுங்குவது என்பது மருத்துவரோடு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டிய காரியம்.

மூட்டை கட்டுவதற்கும் கணக்கு உண்டு. பீஸ் கோர் தொண்டர் எடுத்துப் போகலாம் என்று அனுமதிக்கப்படும் எடை இரண்டு பெட்டிகளில் 100 பவுண்டு, அதாவது 45 கிலோ சொச்சம். பயிற்சியும் பணியுமாகச் சேர்ந்து 27 மாத வாழ்க்கை அந்த இரண்டு பெட்டிக்குள் அடங்க வேண்டும். போய் வந்தவர்கள் சொல்லும் பட்டியல்களில் மேலே நிற்பவை தலையில் மாட்டும் விளக்கு, நல்ல சமையல் கத்தி, சூரிய ஒளியில் மின்னேற்றும் பட்டை. துணிமணி பட்டியலின் அடியில்தான் வரும். சித்தென்ஜே என்ற, கைலி போல இடுப்பில் சுற்றும் வண்ணத்துணி மலாவிச் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது. குழந்தையை முதுகில் கட்டவும், சும்மாடு சுற்றவும், கதவுக்குத் திரை போடவும் அதே துணிதான்.

புறப்பாடு தனித்தனியாக நடப்பதில்லை. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வந்தவர்கள் ஒரு நகரத்து விடுதியில் கூடி, ஒரு நாள் விதிமுறை வகுப்பைக் கேட்டுவிட்டு, மறுநாள் கூட்டமாக விமானம் ஏறுகிறார்கள். தெற்கு ஆப்பிரிக்காவுக்கு அங்கிருந்து இரண்டு வழிகள் வழக்கம். ஒன்று, நியூயார்க்கிலிருந்து பதினைந்து மணி நேரம் பறந்து ஜோஹன்னஸ்பர்க். மற்றது, வாஷிங்டனிலிருந்து பதின்மூன்று மணி நேரம் பறந்து அடிஸ் அபாபா.

இரண்டாவது வழியில் பார்க்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. வாஷிங்டனிலிருந்து அடிஸ் அபாபாவுக்கு விமானம் எங்கும் நிற்காமல் வருகிறது. திரும்பிப் போகும்போது மட்டும் நடுவழியில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொள்கிறது. ஒரு காலத்தில் அயர்லாந்தின் டப்ளினில் நின்றது, பிறகு டோகோவின் லோமேயில். எதிர்க்காற்று ஒரு காரணம்தான். பெரிய காரணம் மலை. அடிஸ் அபாபாவின் போலே விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கு மேல், அதாவது ஊட்டியைவிட உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இறக்கைக்குத் தூக்குவிசை கொடுப்பதும் காற்று, எஞ்சின் விழுங்கி எரிப்பதும் காற்று. இரண்டுமே மெலிந்துபோனால், அட்லாண்டிக்கைக் கடக்கத் தேவையான முழு எரிபொருளையும் முழுப் பயணிகளையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஓடுபாதையை விட்டு எழும்ப முடியாது. ஆகவே பாதி எண்ணெயோடு எழும்பி, தாழ்வான ஓர் ஊரில் இறங்கி, அங்கே தொட்டியை நிரப்பிக்கொண்டு கடலைத் தாண்டுகிறது. ஜோஹன்னஸ்பர்க்கும் 1,700 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர்தான். அங்கே ஓடுபாதையை 4.4 கிலோமீட்டர் நீளத்துக்குப் போட்டுச் சமாளித்துவிட்டார்கள்.

அடிஸ் அபாபாவின் விடியற்காலை அலாதியானது. ஐரோப்பா, அமெரிக்கா, ஆசியா எல்லாத் திசைகளிலிருந்தும் இரவெல்லாம் பறந்த விமானங்கள் சில மணி நேர இடைவெளிக்குள் வந்து இறங்குகின்றன. அவற்றிலிருந்து இறங்கியவர்களைப் பிரித்து ஏற்றிக்கொண்டு சிறிய விமானங்கள் கண்டமெங்கும் சிதறுகின்றன. ஒரு பெரிய பேருந்து நிலையத்தின் காலை நேரம்தான் இதுவும். எத்தியோப்பியர்களின் கடிகாரம் சூரிய உதயத்திலிருந்து மணி எண்ணும். காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. நாழிகைக் கணக்கு தெரிந்த தமிழருக்கு இது விசித்திரமாகப் படாது. விமானப் பலகையில் மட்டும் எல்லோருக்கும் பொதுவான மணி என்பதால் யாரும் விமானத்தைத் தவறவிடுவதில்லை.

ஆப்பிரிக்காவுக்குள் ஒரு நாட்டிலிருந்து பக்கத்து நாட்டுக்குப் போகவும் தலையைச் சுற்றி மூக்கைத் தொட வேண்டியிருப்பது பழைய கதை, இன்னும் முடியாத கதை. வான்வழிகளைப் போட்டவர்கள் லண்டன், பாரிஸ், லிஸ்பன்காரர்கள். அவரவர் தலைநகரிலிருந்து அவரவர் காலனிக்குக் கோடு இழுத்தார்கள். காலனிக்கும் காலனிக்கும் நடுவே கோடில்லை. 1949, 50 வாக்கில் பிரிட்டனின் பி.ஓ.ஏ.சி. நிறுவனத்தின் நீர்விமானங்கள் தென்னாப்பிரிக்கா போகும் வழியில் இன்றைய மலாவி ஏரியின் தென்கோடியில், கேப் மக்லியர் என்ற மீனவக் குடியிருப்புக்கு முன்னால் தண்ணீரில் இறங்கின. பணக்காரப் பயணிகள் கரையேறித் தூங்கிவிட்டு மறுநாள் கிளம்பினார்கள். பக்கத்து நாட்டுக்குப் போக வேண்டிய ஆப்பிரிக்கருக்கு அந்த விமானத்தால் பயனில்லை. வானத்தைத் தங்களுக்குள் திறந்துவிட வேண்டும் என்று ஆப்பிரிக்க நாடுகள் 1999இல் யாமுசூக்ரோ நகரில் முடிவெடுத்தன. அதை நடைமுறைப்படுத்த 2018 ஜனவரியில் ஒற்றை வான்சந்தை ஒன்றை 23 நாடுகள் தொடங்கின. முடிவுக்கும் தொடக்கத்துக்கும் நடுவே பதினெட்டு ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டது. இடையில் ஏர் மலாவி மூடப்பட்டது. அதன் இடத்தில் வந்த மலாவியன் ஏர்லைன்ஸில் 49 விழுக்காடு எத்தியோப்பிய நிறுவனத்துடையது.

அடிஸ் அபாபாவிலிருந்து மலாவியின் தலைநகர் லிலாங்வேக்கு நான்கு மணி நேரம் போல ஆகும். வானம் தெளிவாக இருந்தால் இடப்பக்க ஜன்னலில் கிளிமஞ்சாரோ மேகத்துக்கு மேல் தலை நீட்டும். கடைசி ஒரு மணி நேரத்தில் மலாவி ஏரி வருகிறது. 580 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஏரி ஆப்பிரிக்காவின் மூன்றாவது பெரிய ஏரி. பார்த்துக்கொண்டே வந்தால் கடல் என்றுதான் நினைக்கத் தோன்றும். இறங்கும் கமுஸு விமான நிலையம் ஊருக்கு வெளியே மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவில் இருக்கிறது. கைப்பேசிக்கு சிம் வாங்கப் போனால் எதிரே நிற்பது ஏர்டெல்லின் சிவப்புப் பலகை. 2010இல் பாரதி ஏர்டெல், ஜைன் நிறுவனத்தின் ஆப்பிரிக்கத் தொழிலை வாங்கியதில் மலாவியும் சேர்ந்து வந்தது.

வந்தவரை நேரே கிராமத்துக்கு அனுப்பிவிடுவதில்லை. பத்து வாரமளவு பயிற்சி. லிலாங்வேக்குத் தெற்கே 85 கிலோமீட்டரில், 1,600 மீட்டர் உயரத்தில் உள்ள டெட்ஸா என்ற குளிரூரின் வனவியல் கல்லூரி பல ஆண்டுகள் இதற்குப் பயன்பட்டது. ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து ஜூன் மாதத்தில் வந்தவர்கள் அங்கே கம்பளிக்கு அலைந்தார்கள். பயிற்சியின் பெரும்பகுதி ஒரு கிராமத்துக் குடும்பத்தோடு தங்கி சிச்சேவா மொழி பேசக் கற்பது. ‘முலி ப்வான்ஜி’ என்று நலம் கேட்காமல் அங்கே கடையில் உப்புகூட வாங்க முடியாது. நன்றி சொல்லும்போது இரண்டு உள்ளங்கைகளையும் குவித்து மெல்லத் தட்ட வேண்டும். சாப்பாடு ந்சிமா. மக்காச்சோள மாவைக் கொதிநீரில் கொட்டிக் கிளறிய வெள்ளைக் களி. கை கழுவ வீட்டுப் பிள்ளை செம்பில் தண்ணீர் ஊற்றும். களியை விரலால் பிட்டு, உருட்டி, நடுவில் கட்டைவிரலால் குழி செய்து கீரையிலோ குழம்பிலோ தொட்டுத் தின்ன வேண்டும். ஏரியில் பிடித்து உலர்த்திய உசிபா மீன் கிட்டத்தட்ட நெத்திலிக் கருவாடுதான். தமிழ்நாட்டில் களி கிண்டிய வீட்டில் வளர்ந்தவர் அந்தத் தட்டின் முன் அமெரிக்கரைவிட வேகமாகப் பழகிவிடுவார்.

பணியிடத்துக்கு முதல் முறை அலுவலக வண்டியே மெத்தையோடும் வாளியோடும் கொண்டுபோய் விட்டுவிடும். அடுத்த முறையிலிருந்து தன் கால், தன் பாடு. லிலாங்வேயில் பெரும்பாலான குடியிருப்புப் பகுதிகளுக்கு அடையாளம் எண்தான். பக்கத்துப் பக்கத்துப் பகுதிகளின் எண்கள் வரிசையாக இருக்காது. பேருந்து நிறுத்தத்தைக் கண்டுபிடிப்பதே ஒரு பரீட்சை. அங்கே நிற்பவை பெரும்பாலும் ஜப்பானில் ஓடித் தேய்ந்து வந்த டொயோட்டா மினிபஸ்கள். பக்கவாட்டில் ஏதோ ஜப்பானியக் கடையின் எழுத்து அழியாமல் இருக்கும். புறப்படும் நேரம் என்று ஒன்றில்லை, ஆள் நிரம்பினால் புறப்பாடு. வரிசைக்கு நான்கு பேர், மடியில் மூட்டை, காலடியில் கோழி. காலை ஏழு மணிக்கு ஏறியவர் பத்து மணிக்கும் அதே இடத்தில் உட்கார்ந்திருப்பது சர்வ சாதாரணம். தார்ச்சாலையில் போனால் போலீஸ் தடுப்புகளில் நின்று நின்று போகும். டெட்ஸாவைத் தாண்டிய நெடுஞ்சாலையில், அறுவடை முடிந்த மாதங்களில், சிறுவர்கள் நீளக் குச்சியில் வரிசையாகக் கோத்த அவித்த வயலெலிகளை ஜன்னலுக்கு நேரே நீட்டுவார்கள். வண்டிக்குள் நல்ல வியாபாரம் நடக்கும்.

தார் முடிந்த இடத்தில் மினிபஸ்ஸும் முடிகிறது. அடுத்தது மத்தோலா. உரம், சிமெண்டு, பீர்ப் பெட்டி ஏற்றி வரும் திறந்த வண்டியின் சுமைக்கு மேல் காசு கொடுத்து உட்கார்ந்து போவது. அதுவும் நின்றுவிடும் முக்கில் மரத்தடியில் வரிசையாக நிற்பார்கள் கபாஸா ஓட்டிகள்.

கபாஸா என்பது சைக்கிள் டாக்சி. பின் கேரியரில் பஞ்சு வைத்துத் தைத்த மெத்தை. சிலவற்றில் இருக்கைக்குக் கீழே கைப்பிடிக்கென்று ஒரு கம்பி, அச்சின் இரு பக்கமும் கால் வைக்க இரண்டு முளைகள். பெட்டி ஒரு சைக்கிளில், ஆள் இன்னொரு சைக்கிளில். பெட்டியை டயர் டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் வாரால் இழுத்துக் கட்டுவார்கள். அந்தக் கட்டு அவிழ்ந்து யாரும் பார்த்ததில்லை. சக்கரம் மணலில் புதையும் இடத்தில் பயணி தானாகவே இறங்கி நடக்க வேண்டும். மேடு வந்தாலும் அப்படியே. பேரம் ஏறும் முன்பே முடிந்துவிட வேண்டும், இறங்கிய பிறகு பேசினால் தோல்விதான். இப்போது மோட்டார் சைக்கிள் கபாஸாக்களும் பெருகிவிட்டன. ஆனால் பெரும்பாலான நாடுகளில் பீஸ் கோர் தொண்டர்கள் மோட்டார் சைக்கிளில் ஏறவே கூடாது. மீறினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தத் தொழிலின் விபத்துக் கணக்கைப் பார்த்தவர்கள் வைத்த விதி அது, நியாயமான விதியும்கூட.

ஊருக்குள் வந்ததும் முதல் மரியாதை தலைவருக்கு. ம்ஃபூமு என்று அழைக்கப்படும் கிராமத் தலைவரின் முற்றத்தில், அவர் இருக்கைக்குத் தாழ்வாக உட்கார்ந்து, எங்கிருந்து, எதற்கு, எத்தனை நாள் என்று சொல்ல வேண்டும். இதைத் தாண்டிவிட்டு நேரே பள்ளிக்கூடத்துக்கோ மருந்தகத்துக்கோ போய் வேலையைத் தொடங்கிய வெளியூர்க்காரர்கள் பிறகு மாதக்கணக்கில் அதற்கு விலை கொடுத்திருக்கிறார்கள்.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழைக்காலம். செம்மண் பாதை குழம்பாகிவிடும். இரண்டு மணி நேர வழி ஒரு பகலாக நீளும். 2023 மார்ச்சில் ஃப்ரெடி சூறாவளி தென்மலாவியைப் புரட்டிப்போட்டபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டோ காணாமலோ போயினர். பாலங்களும் சாலைகளும் அறுந்து, பல ஊர்களுக்குப் படகோ ஹெலிகாப்டரோதான் போக முடிந்தது.

இவ்வளவு தூரம் ஓர் ஆளைக் கொண்டுவருவது எதற்கு? 2018 கணக்கெடுப்பில் மலாவியின் மக்கள்தொகை சுமார் 1 கோடியே 75 லட்சம். ஐந்தில் நான்கு பேருக்கு மேல் கிராமத்தில் இருக்கிறார்கள். 1994இல் தொடக்கக் கல்விக்குக் கட்டணத்தை எடுத்தபோது மாணவர் தொகை சுமார் 19 லட்சத்திலிருந்து ஒரேயடியாக ஏறக்குறைய 30 லட்சமாக உயர்ந்தது. ஆசிரியர்களும் வகுப்பறைகளும் அந்த வேகத்தில் முளைக்கவில்லை. மரத்தடியில் நூறு பிள்ளைகளுக்கு ஒரு வாத்தியார் என்பது அங்கே கண்ணால் காணும் காட்சி. அறிவியலும் கணக்கும் நடத்த ஆளில்லாத உயர்நிலைப் பள்ளிக்கு ஈராண்டு தங்கும் ஆசிரியர் ஒருவர் வந்தால் அது கண்கூடான உதவி.

எதிர்ப்பேச்சும் உண்டு. அதைப் பேசியவர்களில் முக்கியமானவர் அங்கேயே தொண்டராக இருந்த ஒருவர்தான். எழுத்தாளர் பால் தெரூ 1963இல் மலாவிக்குப் பள்ளி ஆசிரியராகப் போனார். அன்றைய பிரதமர் ஹேஸ்டிங்ஸ் பாண்டாவின் எதிரிகளுக்கு உதவினார் என்று 1965இல் நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டார். பல பத்தாண்டுகள் கழித்துக் கெய்ரோவிலிருந்து கேப்டவுன் வரை தரைவழியாகப் போனபோது பழைய பள்ளியைத் திரும்பப் பார்த்து மனம் நொந்தார். 2002இல் வந்த ‘டார்க் ஸ்டார் சஃபாரி’ நூலில், வெள்ளை நிற ஜீப்புகளில் பறக்கும் உதவி நிறுவனங்களால் ஊர் தன் காலில் நிற்க மறந்துவிடுகிறது என்று சாடினார். அவர் கோபம் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் இரண்டு வாரத் தொண்டுச் சுற்றுலாக்களுக்கு அது அப்படியே பொருந்தும். போகவர நான்கைந்து நாள் விமானத்திலும் மினிபஸ்ஸிலும் கழிந்துவிட, மீதி ஒன்பது நாளில், உள்ளூர்க் கொத்தனார் இரண்டு நாளில் கட்டிவிடும் சுவரைக் கோணலாகக் கட்டிவிட்டு வருவதற்கு அந்த விமானக் கட்டணம் அதிகம். அநாதை இல்லங்களில் குழந்தைகளோடு விளையாடிவிட்டு வரும் பயணங்கள் இன்னும் மோசம். பார்வையாளர் பணத்துக்காகவே, பெற்றோர் உயிரோடிருக்கும் பிள்ளைகளையும் சில இல்லங்களில் சேர்த்துக்கொள்கிறார்கள். இதைத் தடுக்க வேண்டும் என்று 2019இல் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானமே கேட்டுக்கொண்டது.

திரும்பும் பயணம் இதே வழியில், இதே வாகனங்களில், பெட்டி மட்டும் இலேசாகி நடக்கும். ஒரே ஒருமுறை அது தலைகீழானது. 2020 மார்ச் நடுவில் கொரோனா எல்லைகளை மூடத் தொடங்கியபோது, அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஏறக்குறைய 7,000 பீஸ் கோர் தொண்டர்கள் ஒரே நேரத்தில் திரும்ப அழைக்கப்பட்டனர். அமைப்பின் வரலாற்றில் அப்படி நடந்ததே இல்லை. பலருக்கு ஊரில் விடைபெற்றுக்கொள்ள ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை. பாத்திரங்களைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுக் கிடைத்த வண்டியில் ஏறினார்கள். மறுபடி தொண்டர்கள் போகத் தொடங்கியது ஈராண்டு கழித்து, 2022 மார்ச்சில். ஆப்பிரிக்காவில் முதலில் போன இடம் மலாவியின் அடுத்த வீடான ஜாம்பியா.

சொந்த ஊர் திரும்பிய பிறகும் மாத்திரை நிற்காது. கொசுக் கடித்தபோது உள்ளே போன கிருமி ஈரலில் சில நாள், சில வாரம் பதுங்கியிருந்துவிட்டுத்தான் இரத்தத்துக்கு வரும். டாக்சிசைக்ளினும் மெஃப்ளோகுயினும் அதை இரத்தத்தில்தான் பிடிக்கும், ஆகவே இன்னும் நான்கு வாரம் விழுங்க வேண்டும். மலரோன் ஈரலிலேயே பிடித்துவிடுவதால் ஏழு நாள் போதும். அதற்குப் பிறகும் ஒரு வருடம் வரை காய்ச்சல் வந்தால், மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது எந்த நாட்டில் இருந்துவிட்டு வந்தோம் என்பதுதான்.